அரசி பெருக்கிய காடு

மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம். அங்கே செண்பகவல்லி என்றோர் அரசி இருந்தாள். கவனமாகக் கேளுங்கள், இரண்டாம் முறை சொல்ல மாட்டேன்.

அரண்மனைக்குப் பின்னால் பெருங்காடு. அதிலிருந்து இறங்கும் ஓடைதான் ஊருக்குச் சோறு போட்டது.

அரசிக்குச் சுத்தம் ஒரு பைத்தியம். முற்றத்தைப் பெருக்கினாள், வீதியைப் பெருக்கினாள், பிறகு காட்டைப் பார்த்தாள். சாணி, எச்சம், துப்பிய கொட்டை!

"யார் செய்த அசிங்கம் இது?"

மூவர் வந்து நின்றார்கள்.

"உனக்கு என்ன வேலை?" என்று யானையைக் கேட்டாள்.

"தின்கிறேன், நடக்கிறேன், சாணி போடுகிறேன், தாயே."

மரநாயைக் கேட்டாள்.

"தின்கிறேன், ஏறுகிறேன், எச்சம் போடுகிறேன், தாயே."

இருவாச்சிப் பறவையைக் கேட்டாள்.

"தின்கிறேன், பறக்கிறேன், கொட்டையைத் துப்புகிறேன், தாயே. என் பெண்டாட்டி முட்டையோடு மரப்பொந்துக்குள் இருக்கிறாள். வாசலைப் பூசி அடைத்துக்கொண்டாள். இடுக்கு வழியாக நான் ஊட்டினால்தான்..."

"உன் வீட்டுக் கதையை யார் கேட்டது? மூன்றும் தண்டச்சோறு!"

"அது அவர்கள் வீடல்லவா, வல்லி?" என்றார் அரசர் மெதுவாக.

"நீங்கள் சும்மா இருங்கள். கழற்றிய செருப்பை ஓரமாக விடத் தெரியாது, காட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள்!"

முரசு அறைந்து மூன்றையும் மலைக்கு அப்பால் விரட்டினார்கள். திரும்பி வராதபடி முரசு ஓயாமல் முழங்கியது.

காடு பளிச்சென்று ஆனது. பழங்கள் தாய்மரத்தடியிலேயே விழுந்து அழுகின. தப்பி முளைத்தவை தாயின் நிழலிலேயே வெளிறிச் செத்தன. ஆண்டுகள் போக, கிழமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அந்த இடத்தில் எழுந்து நிற்க ஒரு கன்றுகூட இல்லை. நிழல் போனது, ஈரம் போனது, ஓடையும் போனது.

தலை நரைத்த அரசி மலையேறிப் போய் அப்பால் பார்த்தாள். மொட்டைப் புல்மேடாக இருந்த இடத்தில் இளங்காடு! காய்ந்த யானைச் சாணியைப் பிளந்துகொண்டு ஒரு பலாக்கன்று நின்றது. இத்தனை நாள் அவள் அசிங்கம் என்றது விதையை.

கிளையில் அந்த இருவாச்சி தனியாக இருந்தது.

"வந்துவிடப்பா. காடு உன்னுடையதுதான்."

"வருகிறேன் தாயே. ஆனால் அன்று உங்கள் முரசு ஓயவே இல்லை. அது ஓய்ந்து நான் வருவதற்குள் பொந்துக்குள் என் பெண்டாட்டி பசியிலேயே போய்விட்டாள்."

அரசி குனிந்து அந்த யானைச் சாணியை அள்ளினாள்.

அன்று முதல் அதைத் தன் கூடையில் தானே சுமந்து வந்து காட்டில் போட்டாள். அவள் கண் மூடும்போது கன்றுகள் முழங்கால் உயரம். ஓடை வரவில்லை. காட்டு நடுவே சாயாமல் நின்ற ஒரு மரத்தில், பொந்தின் வாசல் மட்டும் பூசியது பூசியபடியே இருந்தது.

ஒருவர் செய்யும் வேலை நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, அவரை வேலையற்றவர் என்று விரட்டக் கூடாது.