ஏழு கலரும் ஒரு புட்டி ஸ்குவாஷும்

செவ்வாய்ச் சந்தை கலைந்த பிறகு ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தார். மாட்டுத் தரகர். ஐம்பத்தெட்டு வயது. இடது காலில் செருப்பு இல்லை. பெருவிரலில் கட்டு; கட்டின் ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. அவருக்குப் பின்னால் மனைவி சொர்ணம் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

மடத்தை நடத்தும் துறவி வடிவம்மை உள்ளே இருந்தார். ஆவுடையப்பனைவிட இருபது வயது இளையவர். ஒன்பது வருஷத்துக்கு முன் மடத்துப் பசுவை விலைக்குக் கேட்கத்தான் ஆவுடையப்பன் முதன்முதலில் இங்கே வந்தார். பசு கிடைக்கவில்லை. ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. சந்தையில் யாருக்கும் தலை குனியாத மனுஷன், இங்கே வந்தால் தரையில்தான் உட்காருவார்.

இன்று இடது காலை மடக்க முடியவில்லை. நீட்டியபடி உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் தாயே."

"சொல்லுங்க."

"நீங்க எனக்குத் தரகு பண்ணணும்."

வடிவம்மை சொர்ணத்தைப் பார்த்தார். சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாருக்கும் யாருக்கும் நடுவுல?"

"எனக்கும் டாக்டரம்மாவுக்கும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்கணுமாம். அதோட நிக்குமா, பாதத்துக்குப் போகுமான்னு அப்புறம்தான் தெரியுமாம். அவங்க உங்க பேச்சைத் தட்ட மாட்டாங்க. இன்னும் ஒரு மாசம் தவணை வாங்கிக் கொடுங்க."

"ஒரு மாசத்துல என்ன செய்வீங்க?"

"அதைக் காட்டத்தான் வந்தேன். ஏட்டி, எடு அதை."

சொர்ணம் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது. 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று மேலே எழுதியிருந்தது.

"பழ ஸ்குவாஷ், தாயே. தண்ணி ஊத்திக் குடிக்கணும். கலர் குடிக்க நாக்கு இழுத்தா இதைக் குடிக்கச் சொல்லி டாக்டரம்மாதான் எழுதிக் கொடுத்தாங்க" என்றாள் சொர்ணம்.

மாட்டுச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விலை முடிந்ததும் விற்றவர், வாங்கினவர், தரகர் மூவரும் ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் குடிக்க வேண்டும். புட்டிக்குள் இருப்பது கறுப்போ மஞ்சளோ, சந்தைக்கு எல்லாம் கலர்தான். குடித்தால் பேச்சு உறுதி. குடிக்காமல் கை துடைத்துக்கொண்டு போனவனை மறுநாள் எவனும் நம்ப மாட்டான். ஆவுடையப்பன் நாளுக்கொரு சந்தை போகிறவர். ஒரு நாளைக்கு ஆறேழு வியாபாரம் முடிப்பார்.

வடிவம்மை மூன்று தம்ளரும் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்தார். சொர்ணம் அளந்து கலக்கினாள். வடிவம்மை மெதுவாகக் குடித்தார். சொர்ணமும் குடித்தாள். ஆவுடையப்பன் ஒரு மடக்கோடு தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு தாயே?"

"கொஞ்சம் புளிப்பு. பழ வாசனை இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"கலர் மாதிரி இருக்கா?"

"இல்லை."

"அப்படிச் சொல்லுங்க. நுரை கிடையாது. மூக்குல ஏறாது. ஏப்பம் வராது. கல்யாண வீட்டுல கை கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"கை கழுவின தண்ணியைக் குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் சொர்ணம்.

"நீ சும்மா இரு. இருந்தாலும் தாயே, நான் முரட்டுப் பிடிவாதம் பிடிக்கலை. இறங்கி வந்திருக்கேன்."

"எவ்வளவு இறங்கினீங்க?"

"பன்னிரண்டு குடிச்ச ஆளு நான். அதுல அஞ்சுக்குப் பதிலா இது. வீட்டுல, வண்டியில, சாப்பாட்டுக்கு மேல எல்லாம் இதுதான். கலர் ஏழோட நிறுத்திட்டேன். போன மாசத்துல இருந்து இப்படித்தான்."

"டாக்டரம்மா எத்தனை சொன்னாங்க?"

"ஒண்ணுகூடக் கூடாதுன்னாங்க."

"அப்போ ஏழு எப்படி வந்துச்சு?"

ஆவுடையப்பன் லேசாகச் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் சந்தைக்காரன் சிரிக்கிற சிரிப்பு.

"அது முதல் பேச்சு தாயே. எடுத்த எடுப்புல கடைசி விலையை யார் சொல்லுவா? அவங்க ஒண்ணுமில்லைன்னு தொடங்கினாங்க. நான் பன்னிரண்டுல நின்னேன். நடுவுல எங்கயாவது முடியணும்ல? இன்னும் வேணும்னா ஆறுக்கு வர்றேன். அதையும் சொல்லுங்க."

அவரைத் தப்பு சொல்ல முடியாது. பதினோரு வயதில் சாணி அள்ளச் சந்தைக்குள் போனவர். சொன்ன விலையை நம்பி முதல் மாட்டை வாங்கி, அது மூன்றாம் நாள் படுத்துக்கொண்டபோது, யார் வாயிலிருந்து வந்த முதல் சொல்லையும் பாதியாய் வெட்டிவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அந்தப் பாடம்தான் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தது, இரண்டு மகள்களைக் கரையேற்றியது. ஜோசியர் சொன்னாலும் பாதி. போலீஸ்காரர் சொன்னாலும் பாதி.

"சந்தையிலயும் இதையே கலக்கிக் குடிச்சா என்ன?" என்றார் வடிவம்மை.

"குடிச்சுப் பார்த்தேன் தாயே. போன சனிக்கிழமை. ஒரு சோடி காளை, பேச்சு முடிஞ்சு போச்சு. அவங்க ரெண்டு பேரும் கலரை உடைச்சாங்க. நான் பையில இருந்து இதை எடுத்துத் தண்ணி ஊத்துறேன். விற்கிறவன் என் மூஞ்சியைப் பார்க்கிறான். 'என்ன மாமா, பேச்சுல ஏதும் கோளாறா, தனியாக் குடிக்கீரு'ங்கிறான். கயித்தை அவிழ்த்துக்கிட்டுப் போயிட்டான். நாற்பது வருஷத்துல எனக்கு அப்படி நடந்ததில்லை."

"காளை போச்சுன்னா அடுத்த சந்தைக்கு வேற காளை வரும்" என்றாள் சொர்ணம். "மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கத் தெரியும் இவருக்கு. கட்டு மாத்தும்போது தன் காலைப் பார்க்கச் சொன்னா விட்டத்தைப் பார்க்கிறாரு. நான்தான் தினமும் பார்க்கிறேன் தாயே. நேத்து கறுப்பு ஒரு நெல்லளவு மேல ஏறியிருக்கு."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. "வந்த இடத்துல ஒப்பாரி வைக்காத" என்றார். பிறகு வடிவம்மையைப் பார்த்து, "நீங்க பேசுவீங்களா மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"பேசுறேன்" என்றார் வடிவம்மை. "உங்க துண்டைக் கொடுங்க."

"துண்டு எதுக்கு?"

"தரகு பண்ணச் சொன்னீங்களே. முறையாப் பண்ணணும்ல."

சந்தையில் மாட்டுக்கு வாய்விட்டு விலை பேசுவதில்லை. துண்டுக்குள் கை விட்டு, எதிராளியின் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல் பிடித்தால் அத்தனை. ஆவுடையப்பன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார். விளையாட்டென்று நினைத்தார். வடிவம்மை எதிரே உட்கார்ந்து, இருவர் கையையும் துண்டால் மூடினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"டாக்டரம்மாவுக்காகப் பேசப் போறீங்களா?"

"இல்லை. அந்தப் புண்ணுக்காக. அதுதான் வாங்க வந்திருக்கு. உங்க இடது கால்ல இருக்கிற விரலைக் கேட்குது."

சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துண்டுக்குள் வடிவம்மை ஆவுடையப்பனின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார்.

"இது கேள்வி. பதில் சொல்லுங்க."

ஆவுடையப்பன் யோசிக்கவில்லை. யோசிக்க அந்தக் கைக்குப் பழக்கமில்லை. ஐந்து என்று ஒருவன் கேட்டால் அதிர்ந்து போனது போல உதறிவிட்டு அடிமட்டத்தில் பிடிக்க வேண்டும். நாற்பது வருஷம் அதைச் செய்த கை. உதறியது. திரும்பிப் போய் வடிவம்மையின் ஒற்றை விரலைப் பிடித்தது.

துண்டு அசையாமல் கிடந்தது.

"ஒண்ணு" என்றார் வடிவம்மை. "பெருவிரலா?"

ஆவுடையப்பன் தன் காலைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்தார். துண்டு தரையில் விழுந்தது. அவர் குரல் உயர்ந்தது.

"என்ன தாயே இது. உடம்புல இருக்கிற விரலுக்கு யாராவது விலை பேசுவாங்களா?"

வடிவம்மை துண்டை எடுத்து உதறி, மடித்து, அவர் மடியில் வைத்தார்.

"நான் இப்போதான் கேட்டேன். நீங்க ஒரு மாசமாப் பேசிக்கிட்டு இருக்கீங்க."