காலியாக இருந்த கட்டம்

மகராசனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அன்று மானுடவியல் துறையின் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். தாசில்தார் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி, பேராசிரியை சுகிர்தா, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

“மேடம்! நூத்துக்கு நூறு!”

தாள்கட்டை மேசையில் போட்டார். குளக்கரைக் குடிசைகளில் வாழும் நாற்பது திருநங்கையரிடம் காதல், உடல், வறுமை என்று எழுபது கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் வந்திருந்தது.

“படுக்கை விஷயத்தைக்கூட ஒருத்தரும் மறைக்கல மேடம். அடுத்த வாரமே ஆய்வேட்டைக் கொடுத்துடலாமா?”

சுகிர்தா நிரப்பாத கேள்வித்தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“பத்தொன்பதாவது கேள்வி. கடைசியாக யாரோடு இருந்தீர்கள்? விருப்பத்தோடு இருந்தீர்களா? சொல்லுங்க சார்.”

மகராசனின் காது சிவந்தது. “என்னையா கேக்குறீங்க?”

“ஆமா.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். கேள்விக்குக் கீழே ‘சொல்ல விருப்பமில்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது. சுகிர்தா அதில் டிக் அடித்தார். பிறகு நாற்பது தாள்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் காலி.

“என்ன சொல்லிக் கேட்டீங்க சார்?”

“பட்டா கேட்டு மனு போட்டிருக்காங்களே, அதுக்கும் உதவும்னு...”

சொல்லி முடிக்காமலே தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழைய தாசில்தார் வந்து கேட்டால், பட்டாவுக்குக் காத்திருக்கிறவர் யார்தான் மாட்டேன் என்பார்? மூன்று மாதமாக இது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை!

மறுநாள் காலை தாள்களோடு குளக்கரைக்கு ஓடினார்.

“பட்டாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நான் இப்ப தாசில்தாரும் இல்ல. சொல்லப் பிடிக்காததை நீங்களே கோடு போட்டு அடிச்சிடுங்க. தப்பு என் மேல.”

பதில் சொன்ன நாற்பது பேரில் ஒருவரான வசுந்தரா விழுந்து விழுந்து சிரித்தார்.

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா சார்? எழுபது கேள்விக்கும் கதை கட்டி வாயே வலிச்சுப்போச்சு!”

ஒரே ஆரவாரம். இருந்த இரண்டு பேனாவுக்கும் அடிதடி. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார்கள்.

மகராசன் துறைக்குத் திரும்பியபோது படிகளை ஒவ்வொன்றாக ஏறினார்.

“எல்லாம் போச்சு மேடம். பத்தொன்பதாவது கேள்விக்கு முப்பத்தொரு பேர் பதிலை அடிச்சிட்டு, அந்தக் கட்டத்துல டிக் போட்டுட்டாங்க.”

“முப்பத்தொண்ணா!”

சுகிர்தா எழுந்தே விட்டார். தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஒவ்வொரு டிக்கையும் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மகராசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இதை ஆய்வேட்டுல எந்தத் தலைப்புல போடுறது மேடம்?”

“இதுதான் அவங்க பயமில்லாம சொன்ன முதல் பதில். ‘அவர்கள் சொன்னது’ன்னு போடுங்க சார்.”