மயில் இருந்த சுவர்

“போஸ்டருக்கே உயிர் அந்தப் படம்தான், அதுமேல வெள்ளைத்தாளை ஒட்டிட்டா நான் எதைக் காட்டி நிக்கிறது, அக்கா?” அனிஷா இதையே மூன்றாம் முறை கேட்டாள். செண்பகவல்லி படத்தின் அளவுக்குத் தாளை வெட்டினாள். போஸ்டர் போட்டியின் நடுவர்கள் ஐந்து பலகை தள்ளி நின்றார்கள்.

ஆராய்ச்சி, விறகடுப்புப் புகை பற்றியது. நாற்பது வீட்டு அடுப்படிகளில் நுழைந்து அளந்தவள் செண்பகவல்லி. போஸ்டர் செய்து, கருத்தரங்கில் விளக்க வந்தவள் அனிஷா. முதல் பரிசுக்கு ஓராண்டு ஆய்வு வேலை உண்டு. அனிஷாவின் இப்போதைய வேலை இந்த மாதத்தோடு சரி. பரிசு பெறும் போஸ்டர் நாளை பேப்பரிலும் வரும்.

படத்தில், அந்த நாற்பது வீட்டுக்காரிகளில் ஒருத்தியான ராஜகனி அடுப்பு ஊதுகிறாள். பின்னால் கரிச்சுவர், அதில், நிச்சயதார்த்தத்தன்று அவள் மகள் வாசலில் கோலமாகப் போட்ட அதே ஒற்றைக்கால் மயில். “அளவுக்குன்னா படம் எடுத்துக்கோ. என் அடுப்படியை வெளியில யாருக்கும் காட்டாதே. சம்பந்தி வீட்ல காஸ் அடுப்புன்னு சொல்லி வெச்சிருக்கோம்” என்றிருந்தாள். செண்பகவல்லி வாக்குக் கொடுத்தாள். அனிஷாவிடம் சொல்ல மறந்தாள். காலையில் போஸ்டர் சுருளைப் பிரித்தபோதுதான் படத்தைப் பார்த்தாள்.

பேராசிரியர் இன்பராஜ் எட்டிப் பார்த்தார். “முகத்தைத்தான் மங்கலாக்கியாச்சே! வாக்கைக் காப்பாத்தின மாதிரிதானேம்மா?” படிப்பு பெரிசு, எதையும் முழுசாகக் கேட்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

அனிஷா ராஜகனிக்குப் போன் போட்டாள். “இந்தப் படம் இருந்தாத்தான் எனக்கு வேலை, அக்கா. காட்டவா?”

அதற்குள் செண்பகவல்லி தாளை ஒட்டிவிட்டாள். நடுவரம்மா வந்தார். “அடியில என்ன இருக்கு? காட்டினாத்தானே மார்க் போட முடியும்?”

செண்பகவல்லி தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறைத்தவள், மங்கலே போதும் என்றவர், போனில் அனுமதி கேட்டவள். வாசகரே, இதில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி செய்ததே சரி. ராஜகனி முகத்தைப் பற்றி மூச்சே விடவில்லை, அடுப்படியைத்தான் சொன்னாள். நிச்சயத்தன்று வாசலில் கண்ட மயிலைப் பேப்பரில் பார்த்தால் சம்பந்திக்குத் தெரியாதா, யார் வீடென்று? அனிஷா கேட்டது தப்பில்லை. ஆனால் தன் பிழைப்பை ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டுக் கேட்டால் அதற்குப் பெயர் அனுமதியா? செண்பகவல்லியையும் ரொம்பப் புகழ வேண்டாம்: மறந்தவள் அவள், இழந்தவள் அனிஷா. நடுவரம்மா அடுத்த பலகைக்குப் போய்விட்டார். போன் இன்னும் அனிஷாவின் காதில்தான். “அக்கா, சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.” மறுமுனையில் அடுப்பு ஊதும் சத்தம்தான் கேட்டது.