அஞ்சம்மா வடகத்துக்கு ஒரு விலாசம்

“டீச்சர், என் வெப்சைட் பேருக்குக் கடைசியில டாட் எஸ்ஜி வேணும். சிங்கப்பூர்க்காரங்க வச்சிருக்காங்களே, அது.”

கேட்டவர் நாடிமுத்து. வயது ஐம்பத்தேழு. பட்டுக்கோட்டையில் வத்தல், வடகம் போட்டு விற்கிறவர்.

கேட்கப்பட்டவர் ரஹ்மத் நிஷா. வயது இருபத்தொன்பது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, ஊர்க் கடைக்காரர்களுக்கு வெப்சைட் போடச் சொல்லித் தருகிறவர்.

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. சீடருக்குத்தான் இருந்தது, அதுவும் நரைத்துப் போய்.

“டாட் இன் போதாதா, ஐயா?”

“இன்னுன்னு போட்டா இந்தியான்னு தெரிஞ்சுடுமே.”

“தெரிஞ்சா?”

“பார்சல் எப்ப வரும், சுத்தமா இருக்குமான்னு நூறு கேள்வி வரும். எஸ்ஜின்னு இருந்தா நம்மூரு கடைதானேன்னு பேசாம வாங்கிட்டுப் போவாங்க.”

நிஷா மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் நாடிமுத்துவின் பிடிவாதம் இரண்டு பங்காகிவிடும். மவுஸைத் தொடவே பயந்தவர், மூன்று மாதம் விடாமல் வந்து டைப் அடிக்கக் கற்றுக்கொண்டதும் அதே பிடிவாதத்தால்தான். அதற்காகவே நிஷாவுக்கு அவரைப் பிடிக்கும்.

“அந்தப் பேர் வாங்கணும்னா அந்த ஊர்ல ஒரு விலாசம் கேப்பாங்க, ஐயா.”

“மாப்பிள்ளை சிங்கப்பூர்ல, உட்லண்ட்ஸ்ல இருக்காரே. பதினோராவது மாடி. அத எழுதிடுங்க.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறாரு?”

கேட்கவில்லை என்பது நிஷாவுக்குப் புரிந்தது.

“இவ்வளவு அவசரம் என்னத்துக்கு?”

நாடிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அங்க கமலவேணின்னு ஒரு அம்மா மெஸ் வச்சிருக்காங்க. என் பொண்ணு குடுத்த சாம்பிளச் சாப்பிட்டுப் பாத்துட்டு, மாசாமாசம் வேணும்னாங்க. கடை எங்கன்னு கேட்டாங்க. உட்லண்ட்ஸுன்னுட்டேன்.”

“சொல்லியே ஆச்சா?”

“வாய் தவறி வந்துடுச்சு. வெப்சைட்ட அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்னுருக்காங்க. நாளைக்குள்ள அனுப்பணும்.”

நாடிமுத்துவின் மொட்டை மாடியில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். மெஸ் ஆர்டர் கிடைத்தால் எட்டுப் பேரையும் வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் நாலு பேரை நிறுத்தியாக வேண்டும். அன்று காலை அவர் மனைவி அஞ்சம்மாள், “எந்த நாலு பேருன்னு நீங்களே சொல்லிடுங்க” என்றிருந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நிஷா எழுந்தார்.

“நான் படிக்கட்டுல போய் நிக்கிறேன். உங்களுக்கு போன் வரும். நீங்க உட்லண்ட்ஸ் கடைக்காரர், நான் வாங்க வந்தவ. சரியா?”

“பரீட்சையா?”

“ஆமா.”

போன் அடித்தது. நாடிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“அஞ்சம்மா வடகம். சொல்லுங்க.”

“கடை எங்க இருக்குங்க?”

“உட்லண்ட்ஸ்.” தடங்கல் இல்லாமல் வந்தது. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“வடகம் எப்படிப் போடுறீங்க?”

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நாடிமுத்துவுக்குக் குஷி பிறந்துவிடும்.

“சின்ன வெங்காயம் மட்டும்தாங்க. பெரிய வெங்காயம் உள்ளயே வராது. பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் சேத்து இடிச்சு, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டணும். காலையில மாடியில பரப்பி, சாயங்காலம் அள்ளி, பிசைஞ்சு, மறுபடி உருட்டணும். கையில மணம் நாலு நாளைக்குப் போகாது. எட்டுப் பேரு உருட்டினாலும் எது யாரு உருண்டைன்னு என் சம்சாரம் பாத்ததுமே சொல்லிடுவா.”

“கேக்கவே நல்லா இருக்கு. எந்த மாடியிலங்க பரப்புறீங்க?”

நாடிமுத்துவின் கண் முன்னால் மகளின் வீடு வந்தது. போன வருஷம் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த வீடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பு, அதில் நாலு துணி. வடகம் பரப்ப ஒரு முழம் இடம் கிடையாது.

“ஹலோ? எந்த மாடியில?”

“மெஷின்லங்க.”

“என்னது?”

“மெஷின்ல காய வைக்கிறோம். உருட்டுறதும் மெஷின்தான். கையே படாது.”

“சரிங்க” என்று சொல்லி நிஷா போனை வைத்துவிட்டார்.

அவர் உள்ளே வந்தபோது, நாடிமுத்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“எட்டுப் பேரையும் நானே நிறுத்திட்டேனே.”

நிஷா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அஞ்சம்மா காதுல விழுந்திருந்தா என்னைய வீட்டுல சேத்திருக்க மாட்டா.”

“சேத்திருக்க மாட்டாங்க.”



“டாட் இன்னே போடுங்க, டீச்சர்.”

நிஷா கீபோர்டைத் தொடவில்லை. மேஜை மேல் கிடந்த நாடிமுத்துவின் போனை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நாடிமுத்து அதையே பார்த்தார்.

“மெஸ் போயிடும்.”

பதில் இல்லை.

“பொய்யன்னு நினைப்பாங்க.”

அதற்கும் பதில் இல்லை. குருமார்கள் எல்லாருக்கும் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. தேவைப்படுகிற நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நாடிமுத்து நம்பரைத் தேடினார். இரண்டு தடவை தேடி எடுத்து, இரண்டு தடவையும் போனைக் கீழே வைத்தார். மூன்றாம் தடவை அழுத்திவிட்டார்.

“கமலவேணி அம்மாங்களா? நான் நாடிமுத்து, வடகக் கடை.”

“சொல்லுங்கண்ணே. வெப்சைட் ரெடியாயிடுச்சா?”

“இல்லீங்கம்மா. நாளைக்கு அனுப்பிடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.” மூச்சை இழுத்துக்கொண்டார். “எனக்கு உட்லண்ட்ஸ்ல கடை இல்லீங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். அது மாப்பிள்ளை வீடு. நான் பட்டுக்கோட்டையிலேருந்து பேசுறேன். வடகம் இங்க எங்க மொட்டை மாடியிலதான் போடுறோம். எட்டுப் பொம்பளைங்க கையால உருட்டுறாங்க. விலாசமும் இந்தியான்னுதான் போடப்போறேன். உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

கடைசி வாக்கியமும் பொய்தான். நிஷா அதைக் கண்டுகொள்ளவில்லை.

லைன் போய்விட்டதோ என்று நாடிமுத்து போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

“அண்ணே.”

“சொல்லுங்கம்மா.”

“அங்க இப்ப வெயில் எப்படி இருக்கு? எனக்கு அனுப்புற வடகம் நல்லாக் காயுமா?”

நாடிமுத்து வாசல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார்.

“கொளுத்துதும்மா” என்றார்.