ரெண்டு ஆள் வண்டி

உருண்டாம்பட்டியில் விவரம் தெரிந்தவர்கள் நாலே பேர்தான். இதை அந்த நாலு பேரும் சொல்வார்கள். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சோணைமுத்து, மொக்கைச்சாமி, ஒச்சப்பன், தவசி. எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயசு. ஒருவருக்கும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய படிப்பு கிடையாது. அதனால் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை வந்தால் தீர்த்துவைக்க ஆளே இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

நாலு பேரில் சோணைமுத்துவிடம் மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு பால்காரர் பதினைந்து வருஷம் ஓட்டி, வண்டியும் அவரும் ஒருவரையொருவர் வெறுத்துப்போன பிறகு விற்ற வண்டி. ஓட்டுகிறவருக்கு ஒரு சீட்டு. அதற்குப் பின்னால் பால் கேன் வைக்கிற இரும்புக் கேரியர்.

அந்தக் கேரியரில்தான் பெண்டாட்டி வெள்ளத்தாயை உட்காரவைத்து, பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் மேலச்செம்பூருக்கு ஒரு காதுகுத்துக்குக் கூட்டிப்போனார். மேலச்செம்பூர் அவளுடைய தாய்வீடு இருக்கிற ஊர். போய் இறங்கியபோது, கேரியரில் கம்பி எத்தனை என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லக்கூடிய நிலையில் இருந்தாள். விருந்து முடிந்து சோணைமுத்து வண்டியை உதைத்துக் கிளப்பினார். வெள்ளத்தாய் வாசலை விட்டு நகரவில்லை.

"நான் பால் கேன் இல்லை. ரெண்டு பேர் சவுகரியமா உக்கார்ற மாதிரி வண்டியைச் சரிபண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் எங்கம்மா வீட்டுலதான் இருப்பேன்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சகலை பால்ச்சாமி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளத்தாயின் தங்கை புருஷன். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்.

"அதுக்கென்ன மதினி, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வர்றேன். கார்லயே கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார்.

சோணைமுத்துவுக்கும் பால்ச்சாமிக்கும் முப்பது வருஷத்துப் பகை. பால்ச்சாமிக்கு அது தெரியாது. பால்ச்சாமியின் கல்யாணத்தில் போட்டோ எடுத்தபோது "சகலை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். சோணைமுத்து தள்ளி நின்றார். போட்டோவில் அவருடைய இடது காது மட்டும்தான் விழுந்தது. அந்தக் காது இன்னும் மாமியார் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"அவன் கார்ல வந்து என் பொண்டாட்டி என் வாசல்ல இறங்கினா, நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்" என்று நண்பர்களிடம் சொன்னார். அன்று சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் மெக்கானிக் ராயப்பனிடம் போனார்கள். அவர் ஒரு மாத யாத்திரைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"செலவு அதிகம் வைக்காம ரெண்டு ஆள் போற மாதிரி பண்ணணும், ராயப்பா."

"வீட்டுல கிடக்குற சாமானை வச்சே பண்ணலாம்ணே. கேரியரைக் கழட்டுங்க. பின்னாடி உக்காரப்போற ஆளை அளவெடுத்து சீட்டு போடுங்க. சாய்றதுக்கு ஒண்ணு வைங்க. கால் வைக்க இடம் குடுங்க, பொம்பளை ஆளு ஒரு பக்கமாத்தான் உக்காரும். பின் ஸ்பிரிங்கை ரெண்டு ஆள் பாரத்துக்கு முறுக்குங்க. முறுக்கின பிறகு ஒத்தை ஆளா ஏறிராதீங்க, தூக்கி அடிச்சிரும். இனிமே இது ரெண்டு ஆள் வண்டி, ஞாபகம் வச்சுக்கங்க."

சொல்லிவிட்டு ராயப்பன் பஸ் ஏறினார். இந்தக் கதையில் புத்தியுள்ள ஒரே ஆம்பளை அத்தோடு போய்விட்டார்.

கேரியரைக் கழற்றுவதில் சிக்கல் வரவில்லை. அது துருப்பிடித்துத் தானாகவே கையோடு வந்தது. அளவெடுப்பதில்தான் வேலை நின்றது.

"பின்னாடி உக்காரப்போற ஆளு மேலச்செம்பூர்ல இருக்கு. அளவை எப்படி எடுக்கிறது?" என்றார் தவசி.

ஒச்சப்பன் வைத்திருந்த இஞ்சி டேப்பை நீட்டிப் பார்த்தார். மேலச்செம்பூர் வரை எட்டாது என்று சொல்லிவிட்டார்.

மொக்கைச்சாமி யோசித்தார். "வீட்டுல தங்கச்சி எங்க உக்காரும்?"

"டிவிக்கு எதிர்ல. சுவத்துல சாஞ்சு, காலை நீட்டிக்கிட்டு."

சோணைமுத்துவின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். சுவரில் வெள்ளத்தாயின் தலை பட்டுப் பட்டு வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தது. தரையிலிருந்து கறை வரைக்கும் அளந்தார்கள். ரெண்டே முக்கால் அடி. சாய்மானம் அத்தனை உயரம் வேண்டும். பாதியாக மடக்கினால் அந்த உயரத்துக்கு வருகிற மாதிரி வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தது குளியலறைத் தகரக் கதவுதான். அதைக் கழற்றி மடக்கி வண்டியின் பின்னால் கட்டினார்கள். அன்று முதல் சோணைமுத்து குளிக்கும்போது சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று.

"காலை நீட்டினா ஓட்டுறவன் முதுகுல எட்டி உதைக்குமே" என்றார் தவசி.

"முப்பது வருஷமா அதுதான் நடக்குது. நீ சீட்டைப் போடு" என்றார் சோணைமுத்து.

ரெண்டு தலையணைகளை ஒரு பலகை மேல் வைத்து, பழைய ரெக்சின் பையைக் கிழித்துப் போர்த்தித் தைத்ததில் சீட்டு வந்தது. தையல் மிஷினின் மிதிபலகையைக் கழற்றிக் காலுக்கு வைத்தார்கள். ஒரு பக்கமாகத்தானே உட்காரப்போகிறாள் என்று முழுப் பலகையையும் இடது பக்கமே பொருத்தினார்கள். வலது பக்கம் காலை வைத்தால் காற்றில்தான் வைக்க வேண்டும்.

கடைசியில் ஸ்பிரிங். ஒச்சப்பனும் தவசியும் வண்டிமேல் உட்கார்ந்தார்கள். மொக்கைச்சாமி ஸ்பேனரோடு கீழே படுத்து முறுக்கினார்.

"அமுங்குதா?"

"லேசா அமுங்குது."

"இப்ப?"

"ஒரு நூல் அமுங்குது."

"ரெண்டு ஆள் பாரம் தாங்கணும்னா அமுங்கவே கூடாது" என்று சொல்லி, அமுங்காத வரைக்கும் முறுக்கினார். முறுக்கி முடித்து ரெண்டு பேரும் இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு குதி குதித்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சோணைமுத்து ஆசை தாங்காமல் தனியாக ஏறித் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனார். வழியில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல் கிடந்தது. வண்டி கல்லில் ஏறி இறங்கியது. சோணைமுத்து ஏறினார், ஆனால் வண்டியில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மாட்டின் கழனித் தொட்டியில் இறங்கினார். வண்டி அவர் இல்லாமலே பத்தடி போய் மரியாதையாகச் சாய்ந்தது.

"ராயப்பன் சொன்னாரா இல்லையா?" என்றார் மொக்கைச்சாமி.

"சொன்னார்" என்று தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. அதோடு அந்தச் சட்டம் உறுதியாயிற்று. ஒத்தை ஆளாக ஏறக் கூடாது.

திங்கட்கிழமை வெள்ளத்தாயைக் கூட்டிவர மேலச்செம்பூர் புறப்பட்டார்கள். ஒத்தை ஆளாகப் போகக் கூடாது என்பதால் மொக்கைச்சாமி பின்னால் ஏறினார். கால் பலகை இடது பக்கம் மட்டும் இருந்ததால் அவரும் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார். விழுந்துவிடக் கூடாதென்று ஒரு கையைச் சோணைமுத்துவின் தோளில் போட்டுக்கொண்டார். வழிநெடுகக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி குலவையே போட்டாள்.

வெள்ளத்தாய் வாசலுக்கு வந்தாள். தகரக் கதவைப் பார்த்தாள். மொக்கைச்சாமியைப் பார்த்தாள்.

"என் இடத்துல அண்ணன் எதுக்கு உக்காந்திருக்கு?"

சோணைமுத்து விளக்கினார்.

"சரி, வண்டி ஏதோ பாடை மாதிரி இருந்தாலும் உக்காரலாம் போலத்தான் இருக்கு. அண்ணன் பஸ்ஸுல வரட்டும். நான் ஏறிக்கிறேன்."

மொக்கைச்சாமியின் முகம் மாறிவிட்டது. "எனக்குத் தனியா பஸ் ஏறிப் பழக்கமில்லையே, தங்கச்சி."

"துணைக்குன்னு கூட்டியாந்த ஆளைத் தனியா அனுப்பலாமா?" என்றார் சோணைமுத்து. "கூட்டியாந்தவன்தான் கொண்டுபோய் விடணும். நாளைக்கு ஊர்ல நாலு பேர் கேட்பாங்க."

அந்த நாலு பேரில் ரெண்டு பேர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாமியார் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். "நீ பையை எடுத்து வை. இவனைக் கொண்டுபோய் விட்டுட்டு, இந்தா வந்துர்றேன்" என்று சோணைமுத்து புறப்பட்டார். ஊருக்கு வந்து மொக்கைச்சாமியை அவர் வீட்டு வாசலிலேயே இறக்கினார். வண்டியைத் திருப்பினார். அப்போதுதான் தெரிந்தது, தான் இப்போது ஒத்தை ஆள் என்று.

செவ்வாய்க்கிழமை ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு போனார். கோழிக் குழம்பு. ஒச்சப்பனைக் கொண்டுவந்து விட்டார். புதன்கிழமை தவசியைக் கூட்டிக்கொண்டு போனார். கோழிக் குழம்பு. தவசி ரெண்டாவது தடவை சோறு வாங்கும்போது மாமியார் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். வெள்ளத்தாய் மூன்று நாளும் பையை எடுத்து வைத்தாள், மூன்று நாளும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

வியாழக்கிழமை நாலு பேரும் ஆலமரத்தடியில் கூடினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. பால்ச்சாமியின் கார் மத்தியானம் வந்துவிடும்.

தவசிக்கு ஒரு யோசனை தோன்றியது. "மச்சான், பின் சீட்டுல ஆளுக்குப் பதிலா ஒரு ஆள் கனத்துக்குக் கல்லைக் கட்டிக்கிட்டுப் போயிரு. அங்க போய்க் கல்லைத் தள்ளிவிட்டுட்டு, தங்கச்சியை ஏத்திக்கிட்டு வந்துரு."

மற்ற மூன்று பேரும் தவசிப் பக்கம் திரும்பினார்கள்.

"ராயப்பன் ரெண்டு ஆள்னு சொன்னாரா, ஒரு ஆளும் ஒரு கல்லும்னு சொன்னாரா?" என்று மொக்கைச்சாமி கேட்டார்.

"ரெண்டு ஆள்னுதான்."

"கல்லு ஆளா?"

"இல்லை."

"அப்புறம் என்ன பேச்சு?"

தவசி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி யோசித்ததை யாரும் வெளியே சொல்வதில்லை என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் சோணைமுத்து மறுபடியும் மொக்கைச்சாமியோடு போய் இறங்கினார். வெள்ளத்தாய் பையோடு வாசலிலேயே நின்றாள். மாமியார் கடைசிக் கோழியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கும் அண்ணனா?" என்றாள் வெள்ளத்தாய்.

"கவலைப்படாத. இவனைக் கொண்டுபோய் விட்டுட்டு..."

அவள் முழுசாகக் கேட்கவில்லை. தெருமுனையில் டவுன் பஸ் வந்து நின்றது. "அண்ணே, இந்தப் பையைப் பிடிங்க. துணை இல்லாமத்தானே பஸ்ஸுல போக மாட்டீங்க? நான் துணைக்கு வர்றேன். ஏறுங்க" என்று மொக்கைச்சாமியை முன்னால் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். மொக்கைச்சாமி ஜன்னல் வழியாகக் கோழியைப் பார்த்துக்கொண்டே போனார்.

சோணைமுத்துவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வெள்ளத்தாய் வீட்டுக்குப் போகிறாள். மொக்கைச்சாமி துணையோடு போகிறார். முக்கியமாக, பால்ச்சாமி கார் இல்லாமலே காரியம் முடிந்தது. மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறப் போனவர், ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

மத்தியானம் பால்ச்சாமியின் கார் வந்தபோதும் வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சகலை, மதினி எங்கே?"

"பஸ்ஸுல போயிட்டா. உன் காரை எதிர்பார்த்துக்கிட்டு யாரும் இல்லை."

"சரி, நீங்க எப்படிப் போவீங்க?"

சோணைமுத்து வானத்தைப் பார்த்தார். மாமியார்தான் விஷயத்தைச் சொன்னாள். மருமகன் இங்கேயே தங்கிவிட்டால் கோழியின் கதி என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். பால்ச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்க் கதவைத் திறந்தார். "வண்டி இங்க கிடக்கட்டும். ஏறுங்க சகலை, நான் கொண்டுபோய் விடுறேன்."

பசி, வெயில், வேறு வழியில்லை. சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு காருக்குள் தலையை விட்டார். விட்ட தலையை வெளியே எடுத்தார்.

"இது எத்தனை ஆள் வண்டி?"

"அஞ்சு ஆள் போலாம்."

"நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"ஆமா."

சோணைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பெரிய ஆள், பெரிய ஆள் என்று நினைத்த மனுஷன் இவ்வளவு விவரம் கெட்டவரா! "தூக்கி அடிச்சா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். பால்ச்சாமி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் மாமியாரும், கார் சவாரி என்றதும் தலை சீவிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியும் அவள் புருஷனும் பின்னால் ஏறினார்கள். கோழியும் வந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சோணைமுத்து சொல்லிவிட்டார்.

கார் உருண்டாம்பட்டிக்கு வந்து சோணைமுத்துவின் வாசலில் நின்றது. வெள்ளத்தாய் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஏழு நாளாகப் பிரிந்திருந்த பெண்டாட்டியை நல்லபடியாகப் பார்த்தாயிற்று. சோணைமுத்து காரை விட்டு இறங்கினார். ரெண்டு அடி வைத்தார். திரும்பி நின்று, காருக்குள் இருந்தவர்களை விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார்.

நாலு.

"உனக்காக இல்லை சகலை. அத்தை உள்ள இருக்கு பாரு, அதுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வெள்ளத்தாயி, சோத்தை வடிச்சு வை. இவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு, இந்தா வந்துர்றேன்."