எச்சில் படாத கண்ணாடி

பாம்பன் பக்கம் பெண்கள் கடற்பாசி எடுக்க அனுமதிக்கலாமா என்று பார்க்க, கரையில் நின்றே கடலை அளந்துவிடும் அதிகாரி ஒருவர் வந்தார். கடலில் முங்குவதற்கு முன், பாசி எடுக்கும் பெண்களில் ஒருத்தியான முத்துராக்கு தன் நீச்சல் கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்து அலசினாள்.

"சீ, காட்டுமிராண்டிப் பழக்கம்" என்றார் அவர். தன் சீமைக் கண்ணாடியைப் பட்டுக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்று முறை முங்கினார்.

"அடியில் வெறும் வெள்ளை மூட்டம். பாசியே இல்லை. அனுமதியும் கிடையாது."

"மூட்டம் கடல்ல இல்ல சார், உங்க கண்ணாடியில. எச்சி தடவினா தெளியும்."

"என் கண்ணாடியில் எச்சிலா?"

"கூச்சமா இருந்தா இப்படிக் குடுங்க. அதுல துப்புறதுக்கு நாங்க நாப்பது பேரு காத்துக்கிட்டிருக்கோம்."

அதிகாரி அவசரமாகத் தானே அதில் துப்பித் தேய்த்து மறுபடி முங்கினார். கை நிறையப் பாசியோடு எழுந்தவர், காத்திருந்த நாற்பது பேரையும் பார்த்துவிட்டு, கரை சேரும்வரை கண்ணாடியைக் கழற்றவில்லை.