நேசம்மாள் சொல்ல வந்தது

மார்த்தாண்டத்துக்கு மேற்கே குமாரதாஸ் என்று ஓர் ஆசான் இருந்தார். நாடி பிடித்து மருந்து கொடுப்பவர். அவருடைய சீடர் தபசிமுத்து அவரைவிட நான்கு வயது மூத்தவர். அதனால் ஆசான் சீடரை அண்ணாச்சி என்றே அழைப்பார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி வாயைத் திறப்பதில்லை. கையை நீட்டுவார். என்ன நோய் என்று வைத்தியரே சொல்லவேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்பவரை அரை வைத்தியர் என்பார்கள்.

ஆசான் மூலிகைக்காக மலைக்குப் போயிருந்த சமயம். லில்லிபாய் என்ற பெண்ணை அவள் மாமியார் நேசம்மாள் அழைத்து வந்தாள். லில்லிபாய்க்கு ஆறாவது மாதம்.

தபசிமுத்து நாடி பிடித்தார். நேசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விரலை உயர்த்தினார். அவள் அடங்கிவிட்டாள்.

"பித்த மயக்கம். இவ நடக்கையில விழுதா" என்றார்.

யாரும் சொல்லாமலே சொல்லிவிட்டார். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கசாயம் கொடுத்தார். பத்தியமும் சொன்னார். கீரை, மாம்பழம், முட்டை, மீன் ஆகாது. கஞ்சியும் வறுத்த உப்பும்தான்.

ஆசான் மலையிலிருந்து திரும்பிய பிறகு இருவரும் மறுபடி வந்தார்கள். லில்லிபாயின் முழங்கை சிராய்த்திருந்தது.

"கிணத்தடியில விழுந்துட்டா ஆசானே. வயிறு அடிபடல. இன்னொரு தடவ விழுந்தா பிள்ள நிக்குமா?" என்றாள் நேசம்மாள்.

தபசிமுத்து நாடி பார்க்கக் கையை நீட்டினார். ஆசான் அவரை நிறுத்திவிட்டு லில்லிபாயிடம் கேட்டார்.

"பிள்ள அசையுதா மக்ளே?"

"இப்பவும் உதைக்குது" என்றாள் அவள்.

ஆசான் மூச்சு விட்டார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"இவ எப்போ விழுதா?"

"விளக்கு வைக்கிற நேரத்துலதான். பகல்ல ஒரு குறையும் இல்ல. கொடியில துணி போடுவா, அரிசியில கல்லு பொறுக்குவா. இருட்டிட்டா வாசப்படி தெரியாது. சோத்துத் தட்டுக்கு வெளியில கை வைக்கா."

"மயக்கம் வருமா?"

"மயக்கமெல்லாம் இல்ல. கண்ணு தெரியல, அவ்வளவுதான்" என்றாள் லில்லிபாய்.

"பத்தியம்?"

"ஒரு நாளும் தவறல. வீட்டு முருங்கையில ஒரு இணுக்கு ஒடிக்க விடலையே நான்" என்றாள் நேசம்மாள். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தபசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இது மாலைக்கண்" என்றார் ஆசான். "பத்தியத்தை இன்னைக்கே விட்டுருங்க. முருங்கைக் கீரை தினமும் வேணும். பழுத்த மாம்பழம், முட்டை, மீன் எல்லாம் கொடுங்க. கண்ணு தெளியுற வரைக்கும் பொழுது சாஞ்சா யாராவது கையைப் பிடிச்சுக்கிடணும். ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவ காட்டிருங்க."

"அன்னைக்கே சொல்ல வந்தேன். இந்த ஆசான் விரலைக் காட்டிட்டாரு" என்று தபசிமுத்துவைக் காட்டினாள் நேசம்மாள்.

"தப்பு எங்க பக்கம்தான் அம்மா" என்றார் ஆசான்.

அவர்கள் போன பிறகு தபசிமுத்து கேட்டார்.

"எல்லாத்தையும் கேட்டுத்தான் சொல்லணும்னா நாடி எதுக்கு ஆசானே?"

"நாடி பிடிக்க மூணு விரல் போதும் அண்ணாச்சி. காது ரெண்டும் சும்மாத்தானே இருந்துச்சு?"

மாம்பழக் காலம் முடிவதற்குள் லில்லிபாய்க்குக் கண் தெளிந்தது. ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் ஆசானைப் பார்க்க வந்தாள். நிறைமாத வயிறு. யார் கையையும் பிடிக்காமல் ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தாள். நேசம்மாள் பின்னால், "மெல்லப் போடி, எனக்குத்தான் இப்போ கண்ணு தெரியல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒரு சீப்பு செவ்வாழையை வைத்துவிட்டு, "ஆசானுக்கு எப்படி நன்றி சொல்லணும்னு தெரியல" என்றாள் நேசம்மாள்.

ஆசான் எழுந்து நின்று அவளைக் கைகூப்பிக் கும்பிட்டார். அவள் பதறி விலகினாள். ஆசான் சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். தபசிமுத்துவும் எழுந்து கும்பிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்ததும் தபசிமுத்து கேட்டார்.

"நோயைச் சொன்னதுக்கா அவங்களைக் கும்பிட்டீங்க?"

"அது மட்டுமில்ல அண்ணாச்சி. நம்ம மருந்து பலிக்கலன்னதும் வேற ஆசானைத் தேடிப் போயிருக்கலாம். அதுதானே ஊர் வழக்கம். அவங்க நம்மகிட்டயே திரும்பி வந்து பலிக்கலன்னு சொன்னாங்க."

"அதனால?"

"வராம இருந்திருந்தா, அந்தக் கசாயத்துல அவளுக்குக் குணமாயிட்டுன்னு இன்னைக்கும் நாம நினைச்சிட்டு இருப்போம்."